சென்னியம்மாளின் இடது காது

பாலுசாமி வெள்ளகோவில் சந்தைக்கு மாடு பிடிக்கப் போன மறுநாள் காலையில்தான் குழந்தைக்குக் காது நோவு கண்டது.

நான்கு நாட்களாகவே அவன் மகள் மயிலாத்தாளுக்குச் சளி. தை மாதத்துப் பனி அப்படி. போத்தனூருக்குத் தெற்கே இருந்த அவர்கள் தோட்டத்தில் விடியற்காலையில் கிணற்று மேட்டின்மேல் நின்று பார்த்தால் கைக்கெட்டும் தூரத்துச் சோளத்தட்டுகூடத் தெரியாது. அந்தப் பனியில் நாலு வயதுக் குழந்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டே மாட்டுக் கட்டுத்தரைக்கும் கிணற்றுக்குமாக ஓடித் திரிந்தாள். அவளுடைய அம்மா சென்னியம்மாள் சுக்கைத் தட்டிப்போட்டுக் கருப்பட்டி கலந்து கொடுத்தாள். வந்த சளி தானாகப் போய்விடும் என்றுதான் எல்லோரும் இருந்தார்கள்.

அன்று எழுந்ததும் குழந்தை அழவில்லை. பாயில் உட்கார்ந்தபடி தலையை வலது தோள்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, நிமிர்த்தவே மாட்டேன் என்று இருந்தாள். முகம் கழுவிவிடலாம் என்று சென்னியம்மாள் கன்னத்தில் கை வைத்ததும் வீலென்று ஒரு கத்து. பிறகு அந்த அழுகை நிற்கவில்லை. வலது காதைப் பிடித்துப் பிடித்து இழுத்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது.

"காது நோவுதா சாமி? அத்தை இருக்கறேன், அழுகாத கண்ணு" என்று அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள் ராசாத்தாள்.

ராசாத்தாள் பாலுசாமியின் அக்காள். அவனுக்கு இரண்டு வயதில் தாய் போனபோது அவளுக்குப் பன்னிரண்டு. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே சோறாக்கினாள், களை வெட்டினாள். கல்யாணமாகிப் போன இடத்தில் மூன்று வருஷம்கூட வாழவில்லை. புருஷன் காலராவில் போய்விட, வெள்ளைச் சேலையோடு மறுபடி தம்பியிடமே வந்து சேர்ந்தாள். அந்தத் தோட்டத்தில் அவள் சொன்னால் மறுபேச்சு கிடையாது. சென்னியம்மாளும் கல்யாணமாகி வந்த இந்த ஆறு வருஷத்தில் மறுத்துப் பேசினதில்லை. நங்கையா என்று கூப்பிட்டு, சொன்னதைச் செய்துவிட்டுப் போவாள்.

"எண்ணெயக் காச்சி ரெண்டு சொட்டு உட்டா நோவு ஓடிப்போகும். பூண்டு எங்க வெச்சே அம்மணி?"

சென்னியம்மாள் பூண்டு இருந்த இடத்தைச் சொன்னாள். சொல்லிவிட்டுக் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவளுக்கு ஏழு வயதில் இதேபோல ஒரு காலை இருந்தது. பெருந்துறைப் பக்கம் அவளுடைய அப்பன் வீடு. இடது காதில் நோவு. அவளுடைய பெரியம்மா நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டு, இரும்புக் கரண்டியில் காய்ச்சி, அடுப்பிலிருந்து எடுத்த கையோடு காதில் ஊற்றினாள். நல்ல மனசோடுதான் ஊற்றினாள். அப்புறம் நடந்தது சென்னியம்மாளுக்குச் சரியாக நினைவில்லை. தலைக்குள் கொள்ளிக்கட்டையைச் செருகியது போல இருந்தது மட்டும் நினைவிருக்கிறது. ஒரு மாதம் காதில் சீழ் வடிந்தது. சீழ் நின்றபோது காதும் நின்றுவிட்டது.

பெண் பார்க்க வந்த அன்று அவளுடைய அப்பன் அவளைத் தனியே கூப்பிட்டு, "காது சங்கதி ஒருத்தர் காதுலயும் உழுகக் கூடாது. ஒரு காது நல்லாத்தான கேக்குது, அது போதும்" என்றார். அவளும் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் பயத்தினால் சொல்லவில்லை; பிறகு இத்தனை நாள் சொல்லாததை எப்படிச் சொல்வது என்று சொல்லவில்லை.

ஒரு காது இல்லாததன் கஷ்டம் வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. சத்தம் கேட்கும், எந்தத் திக்கிலிருந்து வருகிறது என்பதுதான் பிடிபடாது. நீலகிரிப் பைக்காரா அணை மின்சாரம் வந்த பிறகு சுற்றிலும் மில்லுகள் பெருகி, வேளைக்கு வேளை சங்கு ஊதின. அது மில் சங்கு, இது போத்தனூர் ரயில் என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவாள். எந்தப் பக்கம் என்று கேட்டால் சொல்ல முடியாது. ராசாத்தாள் கட்டுத்தரையிலிருந்து கூப்பிட்டால் இவள் கிணற்றைத் திரும்பிப் பார்ப்பாள். இடது பக்கமாக வந்து யாராவது மெதுவாகப் பேசினால் பேசாமலே போய்விடுவாள். பெருந்துறைக்காரிக்குத் தலைக்கனம் என்று முதல் வருஷத்திலேயே பேர் வந்துவிட்டது. வந்த பேரை அவள் மறுக்கவில்லை. செவிடி என்ற பேருக்கு அது எவ்வளவோ தேவலை.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் அடுப்படிக்குப் போனாள். ராசாத்தாள் பூண்டைத் தட்டிக்கொண்டிருந்தாள். சென்னியம்மாள் மற்றோர் அடுப்பில் வாணலியை வைத்து இரண்டு கை கல்லுப்பை அள்ளிப் போட்டு வறுத்தாள். உப்பு படபடவென்று வெடித்தது. பழைய வேட்டித் துணியில் அதைக் கொட்டி முடிந்து, தன் முழங்கையின் உட்புறத்தில் ஒத்திப் பார்த்தாள். சுட்டது. காத்திருந்தாள். மறுபடி ஒத்திப் பார்த்தாள். பொறுக்கிற சூடு வந்த பிறகுதான் குழந்தையின் காதுக்குப் பின்னாலும் தாடைக்குக் கீழேயும் மெல்ல ஒத்தினாள். காதுத் துளைமேல் வைக்கவில்லை.

அழுகை கொஞ்சம் தணிந்தது. குழந்தை விம்மிக்கொண்டே அந்த உப்பு முடிச்சில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டாள்.

அதற்குள் பக்கத்துத் தோட்டத்துப் பங்காரம்மா அழுகைச் சத்தம் கேட்டு வேலியைத் தாண்டி வந்துவிட்டாள். மடியில் ஒரு பிடி துளசியும் நாலு சின்ன வெங்காயமும் இருந்தன.

"துளசியக் கசக்கிப் பிழிஞ்சு விடுங்க. இல்லாட்டி வெங்காயச் சாறு. எங்க நாயக்கர் ஊட்டுல எல்லாக் கொழந்தைக்கும் அதுதான்" என்றாள்.

"அதெல்லாம் பொறவு பாக்கலாம். எண்ணெய் ஆயிப்போச்சு" என்று ராசாத்தாள் கரண்டியோடு முன்கூடமான ஆசாரத்துக்கு வந்தாள். கரண்டியில் எண்ணெய் பழுப்பாக மினுங்கியது. பூண்டு கருகி மிதந்தது. "புள்ளைய மடியில படுக்கப் போடு அம்மணி. தலையக் கெட்டியாப் புடிச்சுக்க."

சென்னியம்மாள் குழந்தையைப் படுக்கப் போட்டாள். பிறகு தன் உள்ளங்கையைக் குழந்தையின் வலது காதின்மேல் வைத்து மூடிக்கொண்டாள்.

"கைய எடு."

"வேண்டாமுங்க நங்கையா."

ராசாத்தாளுக்கு அது சரியாகக் காதில் விழவில்லையோ என்னவோ, மறுபடியும், "கைய எடு அம்மணி, எண்ணெய் ஆறுது" என்றாள்.

"ஆறட்டுமுங்க. ஆறினாலும் வேண்டாமுங்க. உள்ள எதுவும் உட வேண்டாமுங்க."

ராசாத்தாள் முகம் மாறியது. பங்காரம்மா எதிரில் நின்றுகொண்டிருந்தது வேறு. "உன்ற புருசனுக்குக் காது நோவு வந்தப்ப எண்ணெய் உட்டு வளத்துனவ நானு. அவனுக்கு என்ன கெட்டுப்போச்சு? புள்ள துடிக்குது, நீ எதுக்கோசரம் பிடிவாதம் புடிக்கற? இந்தத் தலைக்கனத்த வேற எதுலயாச்சும் காட்டு."

சென்னியம்மாள் குழந்தையின் காதை ஒரு கையால் மூடியபடி மற்றொரு கையை நீட்டி, சுண்டுவிரலைக் கரண்டி எண்ணெயில் விட்டாள். எடுத்தபோது விரல் நுனி சிவந்திருந்தது. பங்காரம்மா "அய்யோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதுதானுங்க என்ற காதுல போச்சு" என்றாள் சென்னியம்மாள். அவளுடைய குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "ஏழு வயசுல. இந்தப் பக்கத்துக் காது எனக்குக் கேக்காதுங்க. ஒரு சொட்டும் கேக்காது. எங்கப்பன் சொல்ல வேண்டாமுன்னாங்க, நானும் சொல்லலீங்க. நீங்க என்னை எங்கப்பன் ஊட்டுக்கே அனுப்புனாலும் செரி. புள்ள காதுல இத உட மாட்டேனுங்க."

ராசாத்தாள் கரண்டியைத் தரையில் வைத்தாள். வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

"எந்தக் காது?"

"இடதுங்க."

"ஆறு வருசமாவா?"

"ஆமாங்க."

"அப்ப நான் கட்டுத்தரையில நின்னு கூப்பிட்டதெல்லாம்…"

"கேக்குமுங்க. எங்கிருந்து கூப்பிடறீங்கன்னுதான் தெரியாதுங்க."

ராசாத்தாளுக்குக் கோபமும் வந்தது. "உங்கப்பன் எங்களை ஏமாத்திப்போட்டாரு" என்றாள். அதைச் சொன்னவள் சென்னியம்மாளின் விரலைப் பார்த்தாள். பிறகு எண்ணெயைப் பார்த்தாள்.

அப்போதுதான் அது நடந்தது. குழந்தை திடீரென்று அழுகையை நிறுத்தினாள். சென்னியம்மாளின் உள்ளங்கையில் வெதுவெதுப்பாக ஈரம் பட்டது. கையை எடுத்துப் பார்த்தால் மஞ்சளாய்ச் சீழ். அதில் நூல் போல ரத்தம். அவளுக்கு உயிரே போய்விட்டது. குழந்தையோ இரண்டு தடவை கண்ணைக் கொட்டினாள், பெருமூச்சு விட்டாள், மடியிலேயே தூங்கிப்போனாள்.

"மயிலு, மயிலு" என்று ராசாத்தாள் உலுக்கினாள். குழந்தை முனகிவிட்டுத் தூக்கத்தைத் தொடர்ந்தாள். இவ்வளவு நேரம் துடித்த குழந்தை இப்படிச் சட்டென்று அடங்கியது இருவருக்குமே நல்லதாகப் படவில்லை.

"ரத்தம் வந்துருச்சே. காது போச்சா?" என்று சென்னியம்மாள் கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

பதில் சொன்னவள் ராசாத்தாள்தான். எழுந்து வாசலுக்குப் போய், "காளிச்சாமி, வண்டியப் பூட்டு. உக்கடம் போகோணும், கரீம் டாக்டர் ஊட்டுக்கு" என்று பண்ணையாளுக்குக் குரல் கொடுத்தாள். திரும்பி வந்து மூலையில் கிடந்த கம்பளியை எடுத்துக் குழந்தைமேல் போர்த்தினாள்.

பங்காரம்மா வீட்டைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். துளசியையும் வெங்காயத்தையும் மறுபடி மடியில் எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

வண்டி வாசலில் வந்து நின்றது. ஏறும்போது ராசாத்தாள் வழக்கம்போல இடது பக்கம் உட்காரப் போனாள். ஒரு கணம் நின்று யோசித்தாள். பிறகு சென்னியம்மாளைத் தாண்டிப் போய் வலது பக்கத்தில் உட்கார்ந்தாள். "மூச்சு செரியா வருதா பாரு" என்று போத்தனூர் ரோடு நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தாள். சென்னியம்மாளும் ஒவ்வொரு தடவையும் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்து, வருதுங்க என்றாள். விரல் எரிந்துகொண்டிருந்தது. அது கூட அப்போது அவளுக்குச் சரியாக உறைக்கவில்லை.

கரீம் டாக்டர் உக்கடத்தில் குளத்துக்குக் கிட்டே வீட்டின் முன்பகுதியிலேயே வைத்தியம் பார்த்தார். ஐம்பது வயது இருக்கும்; மெலிந்த மனிதர். நெற்றியில் ஒரு வட்டக் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுக் குழந்தையின் காதுக்குள் விழும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டார். தூங்கிக்கொண்டிருந்த மயிலாத்தாள் விழித்துச் சுற்றிலும் பார்த்தாள். அழவில்லை.

"காதுக்குள்ள என்ன உட்டீங்க?" என்றார் டாக்டர்.

"ஒண்ணும் உடலீங்க" என்றாள் சென்னியம்மாள்.

"மறைக்காமச் சொல்லோணும். எண்ணெயோ, சாறோ?"

"நான் உடப் பாத்தேனுங்க" என்றாள் ராசாத்தாள். "சூடா, பூண்டு எண்ணெய். இவ கைய வெச்சு மறிச்சுப்போட்டா. வெளியில உப்பு ஒத்தடம் மட்டும்தானுங்க கொடுத்தது."

டாக்டர் பஞ்சை ஒரு குச்சியில் சுற்றிச் சீழைத் துடைத்தெடுத்தார். மறுபடி குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். சென்னியம்மாளுக்கு அந்த நேரம் நகரவே இல்லை.

"பயப்பட ஒண்ணுமில்லீங்க" என்றார் கடைசியில்.

ராசாத்தாள் அப்படியே சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"காதுக்குள்ள ஒரு சவ்வு இருக்குது. தப்பட்டையில கட்டுன தோலு மாதிரி. சளி அதுக்குப் பின்னால போய்ச் சீழ் பிடிச்சிருக்குது. சீழ் சேந்து அந்தத் தோலைத் தள்ளுனா எப்படி நோவும்? அந்த நோவுதான் காலையில. இப்ப தோலு ஊசி முனை அளவு உட்டுப்போய்ச் சீழ் வெளியில வந்துருச்சு. பாரம் எறங்குனதும் கொழந்தை தூங்கிப்போச்சு."

"தோலு கிழிஞ்சுபோச்சுங்களா?" என்றாள் சென்னியம்மாள். "காது கேக்காதுங்களா?"

"கேக்கும். அந்த ஓட்டை தானா மூடிக்கும். மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் ஒரு பொட்டுத் தண்ணி உள்ள போகக் கூடாது. தலைக்கு ஊத்தக் கூடாது. எண்ணெய், துளசி, வெங்காயம், தாய்ப்பால், யார் என்ன சொன்னாலும் உள்ள உடாதீங்க. வடியறதப் பஞ்சுத் திரியில ஒத்தி எடுத்தாப் போதும். ஒத்தடம் கொடுத்தது நல்லது. வெளியில, கை பொறுக்கற சூடு. சளிக்கு ஒரு மிக்ஸ்சர் தாரேன்."

ராசாத்தாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள். "அந்த எண்ணெய் உள்ள போயிருந்தா டாக்டரய்யா?"

டாக்டர் அவளைப் பார்த்தார். கடிந்துகொள்ளவில்லை. "அந்தச் சூட்டுல போயிருந்தா வெந்துபோயிருக்கும். பொறவு நான் இருந்தும் பிரயோசனமில்லை" என்றார்.

ராசாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து நின்று, "இவளுக்கும் ஒரு காது பாருங்க. இடது காது. சின்னதுல இப்படித்தான் எண்ணெய் ஊத்திக் கெடுத்துப்போட்டாங்களாமா" என்றாள்.

சென்னியம்மாள் வேண்டாமென்று தலையாட்டினாள். ராசாத்தாள் அவளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். இருபது வருஷமாக ஒருவருக்கும் காட்டாத காதை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டியபோது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. டாக்டர் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்த கடிகாரத்தை எடுத்து இரண்டு காதுக்கும் வைத்துப் பார்த்தார்.

"இது ஒண்ணும் செய்யறதுக்கில்லீங்கம்மா. உள்ள தழும்பு கட்டிப்போச்சு. வலது காது அருமையா இருக்குது. அதுக்கு ஒண்ணும் வராமப் பாத்துக்குங்க." கொஞ்சம் நிறுத்தி, "உங்களுக்கு இப்படி ஆனதாலதான் கொழந்தைக்கு ஆகலை" என்றார்.

ஒன்றும் செய்வதற்கில்லை என்று கேட்டதும் அழுகை வரும் என்று சென்னியம்மாள் நினைத்தாள். வரவில்லை. சுமந்து வந்த ஒன்றை யாரோ வாங்கி இறக்கி வைத்ததுபோல இருந்தது. தன் சுண்டுவிரல் எரிவது அப்போதுதான் நன்றாகத் தெரிந்தது. டாக்டர் அதற்கும் ஒரு களிம்பு தடவிவிட்டார்.

மூன்றாம் நாள் பகலில் பாலுசாமி ஒரு சோடி மயிலைக் காளைகளைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். காளைகளைக் கட்டுத்தரையில் கட்டிவிட்டுக் கை கால் கழுவுவதற்குள் ராசாத்தாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். காது நோவு, எண்ணெய், டாக்டர், பெருந்துறைக்காரர் மறைத்தது, எல்லாமே. சென்னியம்மாள் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றாள். எது வந்தாலும் வரட்டும் என்று கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

பாலுசாமி முதலில் மகளின் காதில் இருந்த பஞ்சை எட்டிப் பார்த்தான். பிறகு அடுப்படிக்கு வந்தான்.

"வண்டீல போறப்ப நான் பேசீட்டே வருவேன்" என்றான். "நீ பாட்டுக்குக் காட்டப் பாத்துட்டு வருவ. கல்யாணமாகி மொத வருசத்துல இருந்தே. என்னைப் புடிக்கலியாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

சென்னியம்மாள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "சக்கரச் சத்தத்துல கேக்காதுங்க" என்றாள். "நீங்க என்ன பேசுனீங்க?"

"இப்பக் கேட்டா? ஆறு வருசத்துப் பேச்சு. மழையப் பத்தி, பருத்தியப் பத்தி." அவன் சிரித்துவிட்டான். "உங்கப்பாருகிட்டக் கோவிச்சுக்கத்தான் வேணும். அப்பறம் பாத்துக்கலாம். சோறு போடு, பசிக்குது."

அவள் வட்டிலை எடுத்து வைத்தாள். அவசரத்தில் களி உருண்டை ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தது. அவன் அதைச் சரிசெய்துகொண்டு சாப்பிட்டான்.

சீழ் ஒரு வாரத்தில் நின்றது. அந்த மூன்று வாரமும் குழந்தையைக் கிணற்றுப் பக்கம் போகவிடாமல் காப்பதே ராசாத்தாளுக்கு முழுநேர வேலையாக இருந்தது. வீட்டுப் பின்புறத்துப் பொடக்காளியில் யார் தண்ணீர் மொண்டாலும் மயிலாத்தாளைத் தூக்கிக்கொண்டு ஆசாரத்துக்கு ஓடுவாள். பக்கத்துத் தோட்டங்களில் யார் குழந்தைக்காவது காது நோவு என்று கேள்விப்பட்டால் கேட்காமலே போய் நின்று, உள்ளே எதுவும் விடாதீர்கள், உப்பை வறுத்து வெளியில் ஒத்துங்கள், காய்ச்சல் இருந்தால் உக்கடத்துக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். பங்காரம்மாவோடு அதற்காக இரண்டு தடவை சண்டையும் நடந்தது.

மாசி பிறந்து ஐந்தாம் நாள் எல்லோருமாக மறுபடி டாக்டரைப் பார்க்கப் போனார்கள். அவர் காதைப் பார்த்தார். "மூடிக்கிச்சு" என்றார். குழந்தைக்கு முதுகுப்புறமாக நின்று, உதடு அசைவது தெரியாமல், "மயிலாத்தா, மிட்டாயி வேணுமா?" என்று முணுமுணுத்தார். குழந்தை திரும்பிப் பார்த்து, "ரெண்டு வேணும்" என்றாள்.

திரும்பும் வழியில் குளத்துக் கரையில் பாலுசாமி வண்டியை நிறுத்தினான். தண்ணீர் நிறையக் கிடந்தது. ராசாத்தாள் கட்டுச்சோற்று மூட்டையை அவிழ்த்து, புளிச்சோற்றை எல்லோருக்கும் உருட்டி உருட்டிக் கையில் வைத்தாள். பெரிய உருண்டை சென்னியம்மாளின் கைக்கு வந்தது. "உண்ணு அம்மணி. இந்த மூணு வாரத்துல பாதியாப் போயிட்ட" என்றாள் ராசாத்தாள்.

சென்னியம்மாள் சாப்பிட்டாள். அன்றைக்கு அவளுக்கு நல்ல பசி.